தீர்வையற்ற தேயிலை

2025ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் நான் பலாலியிலிருந்து விமானமேறிச் சென்னைக்குப் போகப்போகிறேன் என்ற செய்தி, கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிற் பரவுவதற்கு ஒரு பாடவேளைகூடத் தேவைப்படவில்லை. மறுநாட் காலையில் ஒவ்வொருவராக வந்து தத்தம் தேவையைச் சொன்னார்கள். கணித ஆசிரியருக்கு முக்கோண வடிவிலே வரும் சுவிற்சர்லாந்துச் சொக்லேற் வேண்டும். மூத்த நண்பரொருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, மகளின் திருமணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கென்று சொல்லி, ஒரு விஸ்கிப் போத்தலின் பெயரைக் காகிதத்தில் எழுதித் தந்தார். ஆசிரியை ஒருவர் வாசனைத் திரவியம் கேட்டார். "தீர்வையில்லாத கடையிலை எல்லாம் பாதி விலையாம், சேர்" என்பதே எல்லாருடைய பேச்சும்.

அவர்களை நான் எள்ளி நகையாடவில்லை. மாதக் கடைசியிற் கடன் வாங்காமற் சம்பளத்தைக் கொண்டுசெல்ல முடியாத ஆசிரியக் குடும்பத்துக்கு, எங்கேனும் ஓரிடத்தில் வரியில்லாமற் பொருள் விற்கிறார்கள் என்ற செய்தி ஒரு சிறு சுதந்திரச் செய்தி போலத்தானே கேட்கும்?

அன்று பாடசாலை விட்டபின், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சேர், அம்மாயி ஒண்டு கேட்டுவரச் சொன்னவ. அந்தக் கடையிலை தேயிலை விக்கிறவங்களாம். ஒரு பேணி என்ன விலை எண்டு பாத்துக்கொண்டு வரட்டாம்."

"வாங்கி வரவேண்டுமா மகள்?"

"இல்லை சேர். விலையை மட்டும்தான் கேட்டவ."

அந்த அம்மாயியை நான் அறிவேன். நகருக்கு வெளியே, குளத்து வாய்க்காலை அண்டியிருக்கும் குடியிருப்பொன்றில் மகள்வழிப் பேத்தியுடன் வாழ்பவர். மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. அதன்பின் பிறந்த அவர், பிறக்கும்போதே நாடற்றவராகப் பிறந்தார். 1964இல் இலங்கை இந்தியப் பிரதமர்கள் இருவரும் கூடி, ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தபோது, அவர் கொழுந்துக் கூடை சுமக்கத் தொடங்கியிருந்தார். 1977ஆம் ஆண்டு ஆவணி வன்செயலில் லயம் எரிந்தது. கைக்குழந்தையோடு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டார். 2009இல் அந்தக் குடிசையையும் இழந்து, முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஓடி, முட்கம்பி வேலி சூழ்ந்த முகாமில் இருந்து, மீண்டும் அதே வாய்க்காற்கரைக்குத் திரும்பினார். வன்னியில் இத்தகைய கதை ஒன்றல்ல. எங்கள் வகுப்பறைகளில் வாங்குக்கு ஒன்று உண்டு.

தேயிலையை விட்டு வந்து ஐம்பது ஆண்டுகளை எட்டும் கிழவி, அதன் விலையை ஏன் அறிய விரும்புகிறார்? வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்வியே என்னோடு வந்தது.

பயண நாளும் வந்தது. ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து வடக்கே பலாலியை அடைந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையினர் அமைத்த ஓடுபாதை அது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, 'எயார் சிலோன்' நிறுவனத்தின் 'சீதாதேவி' என்ற டக்கோட்டா விமானம் தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இந்த மண்ணில் இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோட்டங்களும் வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. அக்காணிகளிற் பல இன்றுவரை உரியவர்களிடம் மீளவில்லை. 2019 ஒக்டோபர் 17இல் இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமெனத் திறந்துவைக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சிற் பெருந்தொற்றால் நின்றது. 2022 டிசெம்பர் 12இல் மீண்டது. எழுபது பேர்வரை ஏற்றும் சிறிய விமானம். முன்பு கொழும்புக்கு ஓரிரவு பேருந்திற் சென்று, கட்டுநாயக்காவிற் காத்திருந்து போன சென்னைக்கு, இப்போது ஏறக்குறைய ஒன்றேகால் மணிநேரத்திற் போய்விடலாம். இந்தச் சேவை எம்மவர்க்கு வேண்டியது என்பதில் ஐயமில்லை. நான் போனதும் 1990இற் படகேறிச் சென்று, இன்றும் கும்மிடிப்பூண்டி அகதிமுகாமிலேயே வாழும் என் சிற்றன்னையைக் காணத்தான்.

என் பையில் வறுத்த மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் இருந்தன. வரிசையில் நின்ற எல்லாருடைய பையிலும் ஏறக்குறைய இவைதாம். கடவுச்சீட்டிற் பதிவு முடிந்து உள்ளே சென்றதும், பயணிகள் அமர்ந்திருக்கும் இடத்தின் ஓரத்தில் அந்தச் சிறிய கடையைக் கண்டேன். பெருநகர விமான நிலையங்களிற் காணும் கடைவீதியன்று; எங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையைவிடச் சற்றுப் பெரிது. பளிச்சென்ற விளக்குகளின் கீழே போத்தல்கள், வாசனைத் திரவியங்கள், சொக்லேற், நினைவுப் பொருளென விற்கும் மரயானைகள். அவற்றின் பக்கத்திலே தேயிலைப் பேணிகள் அடுக்கியிருந்தன.

ஒரு பேணியைக் கையிலெடுத்தேன். நூறு கிராம். மூடியிலே பச்சை மலைச்சரிவும், சிவப்புச் சேலையுடுத்தி, தலையிற் கூடைக் கயிறு பூட்டி, வெண்பல் தெரியச் சிரிக்கும் ஓர் இளம்பெண்ணும். விலை 9 டொலர்.

உண்மையைச் சொன்னால், பேத்தி கேட்டது விலையை மட்டுமே. விலையைக் குறித்துக்கொண்டு நான் நகர்ந்திருக்கலாம். ஆயினும் சொக்லேற்றோடு அந்தப் பேணியையும் வாங்கினேன். அவ்விடத்தில் ஏன் வாங்கினேன் என்று கேட்டிருந்தால் என்னால் விடை சொல்லியிருக்க முடியாது.

விமானம் கடலின் மேற் செல்லும்போது, பையைத் திறந்து பற்றுச்சீட்டைப் பார்த்தேன். தீர்வை இல்லை. தீர்வையற்ற கடை என்ற இந்த ஏற்பாட்டின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டும் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கின. அங்கே உணவுச்சாலையை நடத்திய பிறெண்டன் ஓ'றீகன் என்பவர், பயணிகள் நாட்டைவிட்டுச் சட்டப்படி வெளியேறிவிட்டவர்கள், ஆகவே அவர்களுக்கு விற்கும் பொருளுக்கு நாட்டின் வரி எதற்கு என்று வாதாடினார். அயர்லாந்துப் பாராளுமன்றம் அதற்கெனச் சட்டமியற்ற, உலகின் முதலாவது தீர்வையற்ற விமான நிலையக் கடை அங்கே தோன்றியது. ஆண்டு 1947. 'சீதாதேவி' பலாலியில் இறங்கிய அதே ஆண்டு! ஐரோப்பிய ஒன்றியமோ 1999 யூன் மாதத்துடன் தன் உறுப்பு நாடுகளுக்கிடையிற் பயணஞ் செய்வோருக்கு இச்சலுகையை நிறுத்திவிட்டது. பறப்பவனுக்கு ஒரு விலை, தரையிலே நிற்பவனுக்கு இன்னொரு விலை என்பது நியாயமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கேள்வி புதியதன்று. பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திற் சுங்கங் கொள்வோர் மூடைகள்மீது புலிப்பொறி இட்டு நின்றனர். 1070ஆம் ஆண்டு அரியணையேறிய முதற் குலோத்துங்கனைச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று புகழ்ந்தனர். கல்வெட்டுகளிலே கோயிலுக்கும் அந்தணர்க்கும் வழங்கிய நிலங்கள் 'இறையிலி' எனப்பட்டன; இறை, அதாவது வரி, இல்லாத நிலங்கள். அந்த நிலத்தை உழுதவன் மட்டும் விளைச்சலிற் பங்கை யாருக்கேனும் அளந்துகொண்டேயிருந்தான். ஏனைய குடியானவர் செலுத்திய நிலவரிக்குச் சோழர்காலக் கல்வெட்டுகள் தந்த பெயர் என்ன தெரியுமா? 'கடமை'! இன்று நாம் மாணவர்க்கு ஒழுக்கப் பாடத்திற் போதிக்கும் அதே சொல். சலுகை பெற்றவன் இறையிலியை அனுபவித்தான். உழைத்தவன் கடமையைச் செய்தான். எந்தக் காலத்திலும் கேட்கவேண்டிய கேள்வி, வரி தவிர்க்கப்பட்டதா என்பதன்று. யாருக்குத் தவிர்க்கப்பட்டது, யார்மேல் ஏற்றப்பட்டது என்பதே.

எங்கள் நாட்டைப் பாருங்கள். 2024 சனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. வாய்க்காற்கரைக் குடிசையில் வாழும் கிழவி ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்கினாலும் அந்த வரி விலையோடு சேர்ந்தே வருகிறது. கோடீசுவரனும் கிழவியும் சவர்க்காரத்துக்கு ஒரே விகிதத்திற்றான் வரி கொடுக்கிறார்கள். இதற்குச் சமத்துவம் என்று பெயர். விமானச் சீட்டு வாங்கக்கூடிய எனக்கு மட்டும் கடவுச்சீட்டைக் காட்டியதும் வரி விலகிக்கொள்கிறது.

கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பகுதியிலும் தீர்வையற்ற கடைகள் உண்டு. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப்பணி செய்து ஆண்டுக்கணக்கிற் பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெண்கள், சலவை இயந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே வரும் காட்சியைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சலுகையை நான் குறைகூறமாட்டேன். பிறர் வீட்டுத் துணியைத் துவைத்துத் தேய்ந்த கைகளுக்கு ஒரு சலவை இயந்திரம் மிகையன்று. ஆனால் அந்தப் பெண்ணும் இச்சலுகையைப் பெறுவதற்கு முதலில் நாட்டைவிட்டுப் போகவேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஒரே தோட்டத்தில், ஒரே நாட்டுக்காக ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தவளுக்கு அப்படியொரு வாசல் எங்கும் இல்லை.

கும்மிடிப்பூண்டியிற் சிற்றன்னை பனங்கட்டியை முகர்ந்து பார்த்துக் கண்கலங்கியதையும், மிளகாய்த்தூளை முகாமின் நான்கு வீடுகளுக்குப் பங்கிட்டதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. தேயிலைப் பேணியைக் கண்டதும் அவர், "இது ஆருக்கு?" என்று கேட்டார். "திருப்பிக் கொண்டுபோக வேணும் சின்னம்மா" என்றேன். ஊரிலிருந்து வந்த பொருள் மீண்டும் ஊருக்கே போவதைக் கேட்டு அவர் சிரித்தார். இது கடைசிவரை பொருந்தாத சிரிப்பன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

பாடசாலை தொடங்கியது. கணித ஆசிரியருக்குச் சொக்லேற்றைக் கொடுத்தேன். வாங்கிவராத விஸ்கிக்காக மூத்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பு பேணியை மேசைமேல் வைத்து, கணித ஆசிரியரை ஒரு கணக்குச் செய்து தரும்படி வேண்டினேன்.

பல தோட்டங்களில் ஒரு பெண் ஒரு நாளிற் பறிக்கவேண்டுமென எதிர்பார்க்கப்படும் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ 18 கிலோ. நான்கரைக் கிலோ கொழுந்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆகவே ஒருத்தியின் ஒருநாட் கொழுந்து நான்கு கிலோ தேயிலையாகும். நூறு கிராமாக அடைத்தால் நாற்பது பேணி. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. டொலருக்கு ஏறத்தாழ முந்நூறு ரூபாவென்றால் ஒரு பேணியின் விலை 2,700 ரூபா. அதாவது, இரண்டு நாளில் எண்பது பேணித் தேயிலைக்கு வேண்டிய கொழுந்தைப் பறிப்பவள், அந்த இரண்டு நாட் சம்பளத்தால் ஒரேயொரு பேணியை வாங்கலாம். அதுவும் அன்று அடுப்பு எரியாவிட்டால்.

கணித ஆசிரியர் நேர்மையானவர். "எல்லாம் அவளுக்கு எண்டு சொல்லேலாது, சேர். தொழிற்சாலை, விறகு, போக்குவரத்து, தகரம், கடை வாடகை எல்லாத்தையும் கழிக்க வேணும். கொழுந்து கூடினால் அவளுக்கு மேலதிகக் கொடுப்பனவும் உண்டு" என்றார். கழித்தோம். விலையில் முக்காற்பங்கைச் செலவென்றே எழுதிக் கழித்தோம். அப்படிக் கழித்த பின்னும் எண்பதிலே இருபது பேணியின் விலை எஞ்சியது; பறித்தவளிடம் போனது ஒன்றின் விலை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த சொக்லேற்றைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கோப் பறிக்கும் மேற்கு ஆபிரிக்கச் சிறுவர்களைப்பற்றி நாங்கள் இருவரும் அன்று பேசவில்லை. பேசவேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்று மாலை மாணவியோடு அவள் வீட்டுக்குச் சென்றேன். அம்மாயி திண்ணையில் அமர்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரய்யா. வெல பாத்தீங்களா?"

விலையைச் சொல்ல என் நா எழவில்லை. பேணியை அவர் கையிற் கொடுத்தேன். அவர் மூடியைக் கண்ணருகே கொண்டுசென்று அந்தப் பெண்ணின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ள யாருங்க? மழையில, அட்டக் கடியில, கங்காணி கத்திக்கிட்டு நிக்கையில யாருய்யா இப்பிடிச் சிரிக்கிறது? இந்தப் படத்துக்கு அவளுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

பல்கலைக்கழகத்திற் படித்த என்னிடம் இதற்கு விடை இருக்கவில்லை.

"ஒன்பது டொலர், அம்மா. இரண்டாயிரத்து எழுநூறு ரூபா" என்றேன்.

அவர் விரல்மடக்கிக் கணக்குப் பார்த்தார். தோட்டங்களில் ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்பது வழக்கு. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். இன்றைய சம்பளத்தைப் பேத்தியிடம் கேட்டறிந்துகொண்டு, "ரெண்டு பேரு" என்றார். நாங்கள் ஓய்வறையிற் காகிதம் நிறைய எழுதிக் கண்டதை அவர் இரண்டு சொற்களிற் கண்டுவிட்டார்.

"ஏன் அம்மா விலையைக் கேட்டீங்கள்?"

"சும்மாதான் ஐயா. நாங்க பறிச்சது எவ்வளவுக்குப் போவுதுன்னு அப்ப யாரும் சொல்லல. தராசக்கூட எட்டிப் பாக்க விடமாட்டாங்க. சாகுறதுக்கு முந்தித் தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு."

ஓர் உழைப்பாளி தன் வாழ்நாளின் இறுதியிற் கேட்கும் கணக்கு இது. அதைக் கேட்பதற்கு அவருக்கு ஐம்பது ஆண்டுகளும், விமானமேறக்கூடிய ஒரு வாத்தியாரும் தேவைப்பட்டன என்பதே நான் வெட்கப்பட்ட செய்தி.

அவர் பேணியைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையிற் போட்டு, பெருவிரலால் உருட்டி முகர்ந்தார். "நல்ல தூளு. எங்களுக்குக் குடுத்தது தூசி, இத நாங்க வாயில வச்சதில்ல" என்றார். பேத்திக்கென்று பத்திரப்படுத்துவார் என எண்ணினேன். அவரோ அடுப்பில் பெரிய பானையை ஏற்றச் சொன்னார். அயலிலுள்ள ஐந்தாறு வீட்டாரை அழைத்தார். அவர்களிற் பலர் அதே மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். கால்வாசித் தூளை ஒரேயடியாகக் கொட்டி, சீனியில்லாமல், பனங்கட்டித் துண்டோடு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஒரு முதியவர் குடித்துவிட்டு, "நம்ம மலத் தேயிலை" என்று மட்டும் சொன்னார். எவரும் பேசவில்லை. வாய்க்காலில் நீர் ஓடும் ஓசை கேட்டது.

நண்பர்களே, விமான நிலையத்துக் கடைகளிற் பொருள் வாங்குவதைப் பாவமென்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வாங்கும் பொருளின் மூடியில் ஒரு முகம் சிரிக்குமானால், அந்த முகத்துக்குரியவள் பெற்ற கூலி எவ்வளவு என்று ஒருமுறை கேளுங்கள். நினைவுப் பொருளென்று விற்கிறார்கள். அதை உண்டாக்கியவர்களை நினையாமல் வாங்கினால் அது எவருடைய நினைவு? வரியிலிருந்து விலக்குப் பெறலாம். இந்தக் கேள்வியிலிருந்து விலக்களிக்கும் கடை எங்கும் இல்லை.

அந்தப் பேணி இப்போது பேத்தியின் பேனாப் பேணியாக வகுப்புக்கு வருகிறது. சென்ற வாரம் கணித ஆசிரியர் பத்தாம் வகுப்பில் விகிதசமக் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதினார்: ஒருத்தி ஒரு நாளிற் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்தால்... முதலிற் கையை உயர்த்தியவள் அவள்தான் என்று அவர் சொன்னார். விடையை அவள் ஏற்கெனவே அறிந்திருந்தாள். அதற்கான வழியை இப்போது படிகளாக எழுதக் கற்றுக்கொண்டாள்.